ஒரு ‘ஆப்ல’ போதுமாயிருந்தது

அடுத்த வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். தொட்டியில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டிருப்பார்கள். முதலில் ஒரு சீறல் கேட்டது. அப்புறம் கொதி. அப்புறம் அந்த வாசனை, ஈரமும் சூடுமாக மூக்கின் உட்புறத்தைப் பிடித்து இழுக்கிற வாசனை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் நிற்கிற வாசனையா அது? இடுக்கு வழியே வந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், குசினிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

இந்த ஊரில் கடல் கிடையாது. இங்கே சுண்ணாம்பு கல்லிலிருந்து வருகிறது. தூத்துக்குடியில் எங்களுக்கு அது கடலிலிருந்து வந்தது. கிளிஞ்சலையும் செத்த பவளப்பாறையையும் அள்ளிக்கொண்டு வந்து சூளையில் சுட்டு நீற்றுவார்கள். ஒரு காலத்தில் தின்று, வளர்ந்து, தண்ணீருக்குள் வாய் திறந்து மூடிக் கிடந்தவை. அதைத்தான் வெற்றிலையில் தடவினோம். வீட்டுச் சுவரில் பூசினோம். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வருஷா வருஷம் அடித்தோம். பள்ளிக்கூடத்தில் அதையே தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, பப்பாளிக் காம்பை வாயில் வைத்து ஊதினோம்.

ஊதச் சொன்னவர் ஒரு கன்னியாஸ்திரீ. மூன்றாம் பாரத்தில், இப்போதைய எட்டாம் வகுப்பில், எங்களுக்கு இயற்கைப் பாடம் எடுத்தவர். உயிர்நூல் என்றெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை. இயற்கைப் பாடம் என்றுதான் பேர். உலகச் சண்டைக் காலம். துறைமுகத்தில் வெளிச்சம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கொழும்புத் தோணியில் போன அப்பா மாதக்கணக்கில் வரவில்லை. இதெல்லாம் வெளியே. வகுப்புக்குள்ளே ஒரு கண்ணாடிக் குவளையும் சுண்ணாம்புத் தெளிநீரும் இருந்தன.

ஞானோபதேச வகுப்பும் அதே சிஸ்டர்தான். முந்தின மணியில் கரும்பலகையில் எழுதின ‘ஆத்துமம்’ பாதி அழிந்தும் அழியாமலும் நிற்க, அதன் மேலேயே ‘உயிர்’ என்று எழுதுவார். மலையாளக் கரையிலிருந்து வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் ஆனதால் எங்களிடம் புத்தகம் மாதிரியே பேசுவார்.

“ஊதுங்கள்.”

ஊதினோம். தெளிநீர் பால் போலக் கலங்கியது.

“இது உங்கள் மூச்சு. கண்ணுக்குத் தெரியாதது தெரிகிறது, பாருங்கள்.”

சர்வேசுரன் மண்ணில் மனிதனைச் செய்து ஊதின மூச்சும் இப்படித்தான் கலக்கியிருக்குமா என்று ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் சிரித்துவிட்டு, “அது தெளிவித்திருக்கும்” என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்தவள் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

செடிக்கு வளர்கிற உயிர் உண்டு. மிருகத்துக்கு வளர்ந்து உணர்கிற உயிர். மனிதனுக்கு அவை எல்லாம் உண்டு, கூடவே அழியாத ஆத்துமமும் உண்டு. சங்கு செத்தால் அதோடு தீர்ந்தது. மனிதன் செத்தால் தீராது. இப்படிச் சொல்லிவிட்டு உயிருள்ளவற்றின் ஏழு அடையாளங்களைச் சொல்லுவார். அசைவு, மூச்சு, உணவு, வளர்ச்சி, உணர்ச்சி, கழிவு. ஏழாவது அடையாளம் சந்ததி. அதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாங்கள் மேசைக்குக் கீழே ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொள்வோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கடல். தண்ணீர் வற்றிக் கிடக்கும் காலைகளில் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். கிடைத்ததை எடுத்து வர வேண்டும், உயிருள்ளதா உயிரற்றதா என்று சொல்ல வேண்டும். சங்குக் கொடவுனில் சதை அழுகுகிற நாற்றம் காற்றோடு வந்து முகத்தில் அப்பும். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு தேடுவோம். ஒருத்தி கடல் அட்டையை எடுத்து வந்தாள். அது அவள் உள்ளங்கையில் செருப்புத் துண்டு மாதிரிக் கிடந்தது.

“இது உயிருள்ளதா?”

“உயிர் இருக்காப்ல இருக்கு சிஸ்டர்.”

“இருக்காப்ல என்றால்?”

அவள் முழித்தாள். நாங்களும் முழித்தோம். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது இல்லாமல் எதுவும் ஓடாது. மழை வாராப்ல இருக்கு. அவுக வந்தாப்ல இருந்துச்சு. காய்ச்சல் விட்டாப்ல இருக்கு. கண்ணால் பார்த்ததையும் அடித்துச் சொல்ல எங்கள் ஜனங்களுக்கு ஒரு கூச்சம். கடலுக்குள் போனவன் வருவானா மாட்டானா என்று தெரியாமல் உலை வைக்கிறவர்கள், ஒரு கதவை ஒருச்சாய்த்து வைத்தே பேசுவார்கள்.

“இருக்கிறது என்றால் இருக்கிறது. இல்லை என்றால் இல்லை. அடையாளங்களைப் பாருங்கள், தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றார் சிஸ்டர். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் ‘ஆப்ல’ வந்த இடமெல்லாம் சிவப்பு மை ஓடியது.

பின்னால் நின்ற இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்.

“ஏளா, கணக்கு டீச்சர் உயிருள்ளதா, உயிரற்றதா?”

“அவ அசையத்தான் செய்யுதா. திங்கவும் செய்யுதா. உணர்ச்சியத்தான் காங்கல.”

“அப்பச் செடின்னு எழுதிரு.”

நான் சிரிக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள். என் நோட்டில் ஒரு சிவப்புக் கோடு கிடையாது. இயற்கைப் பாடத்திலும் ஞானோபதேசத்திலும் முதல் மார்க்கு. அந்த வருஷம் வீட்டில் அம்மாவைக்கூடத் திருத்த ஆரம்பித்திருந்தேன்.

“மழை வாராப்ல இருக்கு. கொடியில கெடக்குற துணிய எடு.”

“வருதா, வரலையா? ஒண்ணச் சொல்லும்மா.”

“அத மழைகிட்டப் போய்க் கேளு போளா.”

அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்துத் தங்கின கரு. மாதா கோவிலுக்கு அவள் நேராத நேர்த்தி இல்லை. பிள்ளைக்குப் பேர்கூட யோசித்து வைத்திருந்தாள். ஞானஸ்நானத்தில் சாமியார் கூப்பிடுகிறதுக்கு முன்னால் வாயால் சொல்லக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலங்களில் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைப்பாள். “உதைக்கான் பாரு. உசுருள்ள பயடி.” அம்மாவுக்கு உயிர், ஆத்துமம் என்ற வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது ஒரே சொல், உசுரு. நான் கையை வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன்: அசைவு, ஒன்று.

அதற்கடுத்த வாரமோ என்னவோ சிஸ்டர் ஒரு தவளையை அறுத்துக் காட்டினார். தலை போய், தோல் உரித்து, பீங்கான் தட்டில் இரண்டு கால்கள் மட்டும் கிடந்தன. ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதன்மேல் தூவினார். கால்கள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டன. வகுப்பே அலறிற்று. ஒருத்தி குருசு போட்டுக்கொண்டாள்.

“இது உயிரா?”

நான் எழுந்தேன். கையைக் கட்டிக்கொண்டு முழு வாக்கியமாகச் சொன்னேன். “இல்லை சிஸ்டர். தசை மட்டும் அசைகிறது. தவளை செத்துவிட்டது.”

“மிகச் சரி.”

அந்த மிகச் சரியை வாயில் கற்கண்டு போல அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பல நாள் கரையவில்லை.

அம்மாவுக்கு ஒரு மாசம் முந்தியே வலி எடுத்துவிட்டது. மத்தியானம். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிற மருத்துவச்சி கோவில்காரி. பிள்ளைக்கு ஆபத்தென்றால் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கவும் சாமியார் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு அவள் தருவைகுளத்தில் வேறொரு பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டார் ஓடிப்போய் உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு பெரிம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவள் எங்கள் வேதம் இல்லை. நெற்றியில் திருநீறு, முழங்கை வரைக்கும் உப்புப் பொரிந்த தோல், நல்ல கைராசிக்காரி என்று பேர்.

பிள்ளை கொடி சுற்றி வந்தது. ஆண் பிள்ளை. நாவல் பழத்தைக் கசக்கினது மாதிரி ஒரு நிறம். பெரிம்மா கொடியை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள். அழவில்லை. அதற்குள் அம்மாவுக்கு இரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. பெரிம்மா பிள்ளையை ஒரு துணியோடு என் மடியில் வைத்தாள்.

“இதப் பிடி தாயி. நான் ஒங்கம்மையப் பாக்கணும். ஒங்க வேதத்துல தண்ணி ஊத்துவீகள்ல, அத ஊத்து. சட்டுனு ஊத்து.”

எனக்கு அது தெரியும். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். தலையில் ஊற்றிக்கொண்டே பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று சொல்ல வேண்டும். வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகியிருக்கிறோம். உயிர் உள்ள பிள்ளைக்குத்தான் அது செல்லும், செத்த உடம்பில் ஊற்றக் கூடாது, அது தேவதிரவிய அனுமானம் என்கிற திருச்சடங்குக்கு அவமரியாதை என்றும் படித்திருக்கிறோம். உயிர் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் ‘நீ உயிரோடே இருந்தால்’ என்று முதலில் சேர்த்துச் சொல்லி ஊற்றலாம் என்று ஒரு வரியும் அந்தப் பாடத்தில் இருந்தது. அந்த வரியும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

செம்பில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கப் போனேன். என் நகம் பிள்ளையின் உள்ளங்காலில் பட்டது. விரல்கள் மடங்கின. ஐந்தும். சட்டென்று, தொட்டாற்சிணுங்கி மாதிரி.

நான் நின்றுவிட்டேன்.

இது உணர்ச்சியா, தசையா? எனக்குள் தட்டும் தவளைக் கால்களும் வந்து நின்றன. ஓர் அடையாளம் மட்டும் போதாது, மூச்சைப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பாயில் கிடத்தினேன். முன்னறைக்கு ஓடினேன். அப்பா கொழும்பிலிருந்து கொண்டு வந்த கைக்கண்ணாடி உயரத்தில் ஆணியில் தொங்கியது. எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி எடுத்தேன். பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தேன். பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

“என்ன புள்ள செய்த? கண்ணாடியா காட்டுத?” பெரிம்மா அங்கிருந்து கத்தினாள். அவள் இரண்டு கையும் அம்மாவிடம் இருந்தன. “ஊத்துளா!”

கண்ணாடியில் ஒன்றும் படியவில்லை. அப்புறம்தான், பெரிம்மாவின் சத்தத்துக்குப் பயந்து, ஊற்றினேன். வார்த்தைகளைப் பிசகில்லாமல் சொன்னேன். தண்ணீர் நெற்றியில் விழுந்து, காதோரம் வழிந்து, பாயில் இறங்கியது. மறுபடி உள்ளங்காலைத் தொட்டேன். விரல்கள் அப்படியே இருந்தன.

பாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஊத்துனியா?”

“ஊத்திட்டேம்மா.”

“உசுரு இருந்துச்சா?”

நான் பதில் சொல்வதற்குள் பெரிம்மா சொன்னாள். “இருந்தாப்ல இருந்துச்சு தாயி. நீங்க பேசாம கெடங்க.”

வெயில் தாழ்கிற நேரத்துக்குச் சாமியார் வந்தார். வயதானவர், இரைப்புக்காரர், தெரு முனையில் வரும்போதே மூச்சு கேட்கும். அதற்குள் அம்மாவுக்கு இரத்தம் நின்றிருந்தது. ஒரு சேலையைத் திரையாகக் கட்டி அம்மாவை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம், துணியில் சுற்றின பிள்ளை. தண்ணீர் விழும்போது உயிர் இருந்திருந்தால் அவன் ஞானஸ்நானம் பெற்றவன். பேர் உண்டு, மணி அடிக்கும், கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே இடம் உண்டு, நேரே மோட்சம். உயிர் இல்லாதிருந்தால் ஒன்றும் கிடையாது. மதிலுக்கு வெளியே புதைக்க வேண்டும். மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் ஓர் இடத்தில் அவன் இருப்பான், அம்மா செத்துப்போனாலும் போய்ப் பார்க்க முடியாத இடம். அக்காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

சாமியார் முதலில் பெரிம்மாவைக் கேட்டார்.

“எங் கையில இருக்கப்ப உசுரு இருந்தாப்லதான் இருந்துச்சு சாமி. தண்ணி ஊத்தயில நான் தாயப் பாத்துட்டு இருந்தேன். புள்ளதான் வச்சிருந்திச்சு.”

அவர் என் உயரத்துக்கு முக்காலியில் உட்கார்ந்தார். அதே முக்காலி.

“பயப்படாத மகளே. நீ தண்ணி ஊத்தும்போது பிள்ளைக்கு உயிர் இருந்ததா?”

“இல்லை சாமி.”

“யோசிச்சுச் சொல்லு. கால் விரல் என்னமோ மடங்கிச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொன்னியாமே?”

“ஆமாம் சாமி.”

“அப்பக் கொஞ்சம் சந்தேகமாவது இருக்கும்ல? சந்தேகம் போதும். சந்தேகம்னா அதத் திருச்சபை பிள்ளை பக்கமா எழுதிக்கிடும்.”

இன்றைக்கு அந்த முகம் எனக்குத் தெரிகிறது. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வா, உள்ளே வா என்று கெஞ்சுகிற முகம். அன்றைக்கு எனக்கு அது கேள்வி கேட்கிற முகம். நிமிர்ந்து நின்றேன். கையைக் கட்டினேன்.

“சந்தேகம் இல்லை சாமி. மூச்சு இல்லை. கண்ணாடியில் ஆவி படியவில்லை. கால் விரல் மடங்கியது தசையின் அசைவு.”

முழு வாக்கியங்கள். ஒரு சிவப்புக் கோடு போட முடியாத வாக்கியங்கள். சாமியார் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த சின்னப் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அப்போதே ஏதாவது புரிந்திருக்குமோ என்னவோ.

பெரிம்மாதான் பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தாள். ஆண் துணை வேறில்லை. நான் பின்னால் நடந்தேன். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கும் உப்பளத்து வாய்க்காலுக்கும் நடுவே, உடைமரம் முளைத்த ஒரு கீற்று நிலம். மதிலுக்கு அந்த வாரந்தான் வெள்ளையடித்திருந்தார்கள். குழி வெட்டுகிறவர் ஒரு முழம் வெட்டி நிறுத்தினார். அதுவே அதிகம்.

பெரிம்மா மதிலை எட்டிப் பார்த்தாள். “உள்ள இம்புட்டு எடம் கெடக்கு. இந்தக் கையகலப் பிள்ளைக்கு எடம் இல்லையாக்கும்?”

“எடத்துக்கா கொறச்சல்? வார்த்தைக்குத்தான் கொறச்சல்” என்றார் குழி வெட்டினவர். நாய் தோண்டாமல் இருக்க ஒரு கூடைச் சுண்ணாம்பைக் குழிக்குள் கொட்டினார். மண் ஈரமாக இருந்தது. சீறிற்று.

நாலாம் நாள் பள்ளிக்கூடம் போனேன். சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். வரிசையாக, அடையாளம் அடையாளமாக. உண்மையைச் சொல்வதானால் நான் ‘மிகச் சரி’ என்ற அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நின்றேன். சிஸ்டரின் உதடு வெளுத்துப் போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். சாமியார் பங்களாவை நோக்கி நடந்தார்.

“பிள்ளாய், சந்தேகம் என்று சொல். இப்போதும் சாமியார் பேரை எழுதிக்கொள்வார். மந்திரித்துக் குழியை உள்ளே மாற்றுவார்.”

“சந்தேகம் இல்லையே சிஸ்டர்.”

“இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்லித் தந்த அடையாளங்கள் நமக்குத் தெரிந்த அளவுக்குத்தான். உயிர் எந்த நிமிஷத்தில் போகிறது என்று அதில் இல்லை. அது சர்வேசுரனுக்குத்தான் தெரியும்.”

“அப்ப எதுக்கு ‘ஆப்ல’வ எல்லாம் அடிச்சீங்க?”

அவர் நின்றார். நடுத்தெரு. ஒரு சங்கு வண்டி மணி அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனது. அவர் நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பலம் வந்துவிட்டது. பொய் சொன்னால் பாவம் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சி மாதிரி நிமிர்ந்து நடந்தேன். பதின்மூன்று வயசுக்கு எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு.

அடுத்த வகுப்பில் சிஸ்டர் காய்ந்த மொச்சை விதையைக் காட்டினார். அசையவில்லை, தின்னவில்லை, வளரவில்லை. உயிருள்ளதா? கடைசி வரிசைக்காரி பழக்க தோஷத்தில் “இருக்காப்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிஸ்டர் பலகைப் பக்கம் திரும்பினார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார், கீழே வைத்தார். ஒன்றும் எழுதவில்லை. “நட்டுப் பார்ப்போம்” என்றார் கடைசியில். அந்த வருஷ முடிவில் அவரை வேறு மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பா வந்தார். “தண்ணி ஊத்துனாளா?” என்று கேட்டார். “ஊத்துனா” என்றாள் அம்மா. “அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு முற்றத்தில் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் மறுபடி தோணிக்குப் போய்விட்டார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. தலை வாரினாள், சோறு போட்டாள், நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். ஆனால் என்னிடம் ‘ஆப்ல’ போட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மழை வருது, துணிய எடு. மழை வரல, கெடக்கட்டும். அக்கம்பக்கத்துப் பெண்களோடு பேசும்போது பழையபடி பேசுவாள். நான் வாசல்படியில் கால் வைத்ததும் வார்த்தை மாறிவிடும். என்னைக் குத்துவதற்காக அல்ல. நான் விரும்பினது அதுதானே என்று செய்தாள். அது எனக்குப் பதினேழு வயசில்தான் உறைத்தது.

ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தும். அம்மா மதிலைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போவாள். மணலில் ஒற்றைத் திரி. வாய்க்கால் காற்றில் அணையும். மறுபடி கொளுத்துவாள், அணையும். நான் மதிலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், தீக்குச்சி உரசுகிற சத்தத்தை. ஒரு முறையாவது சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

வளர வளர எனக்கு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. கடல்காற்றில் எங்கள் வீட்டுக் கண்ணாடி என்றைக்குத் தெளிவாக இருந்தது? எப்போதும் ஓர் உப்புப் படலம். பாவாடையால் துடைத்தேன், பாவாடையும் உப்பு. அதில் ஒரு சாண் பிள்ளையின் மூச்சு பட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? எவ்வளவு நேரம் பிடித்தேன்? மூக்குக்கு நேரேதான் பிடித்தேனா? ஒன்றும் ஞாபகமில்லை. முக்காலியின் கால் தரையில் உரசின சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தம் தீருவதற்குள் எத்தனை பேருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். நான் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்று பெருமைப்பட்டேனே, சொன்னது முழுக்கப் பொய். தெரியாததைத் தெரியும் என்றேன். உண்மை, பெரிம்மா சொன்னதுதான். உசுரு இருந்தாப்ல இருந்துச்சு.

இதை அம்மாவிடம் சொல்ல எத்தனையோ நாள் வாய் எடுத்தேன். குசினி வாசல் வரை போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சாமியார் இறந்துபோயிருந்தார். குழி இருந்த இடத்தை உப்பளத்துக்காரர்கள் வாய்க்கால் அகட்டும்போது எடுத்துக்கொண்டார்கள். மாற்றுவதற்கு இனி ஒன்றும் இல்லை. அம்மா ஒருத்திதான் பாக்கி.

வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறின மறு வருஷம் எனக்கு வாத்தியார் டிரெயினிங்குக்குத் திருச்சியில் இடம் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு அம்மா வந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. நாலாம் மாசம் தந்தி வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் நிற்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

“எண்ணெக் குப்பி சாயாமப் பாத்துக்க.”

“சரிம்மா.”

“சனிக்கெழம சனிக்கெழம தல முழுகு. ஈரத்தலையோட படுக்காத.”

“சரிம்மா.”

“அங்கன தண்ணி ஒத்துக்கிடுமோ என்னமோ.”

முதல் மணி அடித்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களின் மேல் என் கையை வைத்தேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வந்தது. எதைச் சொல்வது? தெரியாது என்று சொல்வதா? அஞ்சு வருஷம் மதிலுக்கு வெளியே திரி கொளுத்தினவளிடம், அப்போது தெரியும் என்றேன், இப்போது தெரியாது என்கிறேன் என்று சொல்வதா?

“அம்மா, அன்னைக்கு நான் தண்ணி ஊத்தயில தம்பிக்கு உசுரு இருந்துச்சு.”

அவள் கம்பிக்கு நெருங்கி வந்தாள்.

“கால் விரல மடக்கினான். நான்தான் சாமிட்ட மாத்திச் சொல்லிட்டேன். இருந்துச்சும்மா.”

இரண்டாம் மணி. கார்டு பச்சைக்கொடியை விரித்தார். வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நகர்ந்தது. அம்மா கம்பியை விடாமல் கூட நடந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

“எனக்காவச் சொல்லுத.”

“இல்லம்மா.”

“எனக்காவத்தான் சொல்லுத. சரி, இருக்கட்டும். இன்னொரு தரம் சொல்லு.”